நேரில் கேட்கும் கூலி

உழைத்தவர் கூலி கேட்பதில் நாணம் என்ன இருக்கிறது? தச்சர் கேட்கிறார், கொத்தனார் கேட்கிறார், நாளைக்குப் பட்டம் பெற்று வெளியேறும் நாமும் கேட்கப் போகிறோம். ஆனால், தம்மைப் படம் எடுக்க நின்று கொடுத்து, அதற்குக் கூலி கேட்கும் பெண்ணைக் கண்டால் மட்டும் நம்மில் பலர் முகம் சுளிக்கின்றனர். அதுவும் இடையில் எவரும் இல்லாமல் தாமே ஒரு புகைப்படக்காரருக்கு எழுதி, “இன்ன நாளில் உங்கள் ஊருக்கு வருகிறேன், இன்ன வேலை செய்வேன், என் கூலி இவ்வளவு” என்று கேட்டுவிட்டால், ‘துணிந்தவள்’ என்று பட்டம் சூட்டிவிடுகின்றனர். அந்தச் சொல்லில் பாராட்டு இல்லை என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

இப்படி ஊர் ஊராகச் சென்று, நேரே கேட்டு, வேலை பெறும் மாடல்களைப் பற்றிச் சில எண்ணங்களை நம் இதழின் வாசகர்முன் வைக்க விரும்புகிறேன். ‘வேதியியல் படிக்கும் உனக்கு இதில் என்ன வேலை?’ என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கூலியும் மானமும் எல்லாத் துறைக்கும் பொது என்பதே என் விடை.

‘மாடல்’ என்னும் சொல்லுக்கு நிலைத்த தமிழ்ப் பெயர் ஒன்று இன்னும் அமையவில்லை. ஆகவே வழக்கில் உள்ள சொல்லையே ஆள்கிறேன். மாடல் என்றதும் நம் கண்முன் நிற்பது மும்பையின் அலங்கார மேடையும், நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகையுமே. அங்கே நிற்பவர்கள் மிகச் சிலர். அவர்களுக்குக் கீழே பெரியதோர் உலகம் இருக்கிறது. நகைக்கடையின் விலைப்பட்டியலுக்குப் படம் வேண்டும். இணையத்தில் புடவை விற்பவருக்குப் படம் வேண்டும். புகைப்படக் கலை பயிலும் மாணவர்க்கு முகத்தில் ஒளி விழும் விதத்தைக் கற்க ஒருவர் அசையாமல் இருந்து கொடுக்க வேண்டும். வாரம் முழுவதும் வங்கியில் கணக்குப் பார்த்துவிட்டு, ஞாயிறு காலையில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும் கலையார்வலர்க்கும் ஒரு மாடல் வேண்டும். இவர்களில் எவரும் பெரிய மாடல் நிறுவனத்தின் படியேறிச் செலவு செய்யக் கூடியவர் அல்லர். அந்த நிறுவனங்களும் இவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. உயரம், நிறம், இடை அளவு என்று அளவுகோலை நீட்டி, அதில் அடங்காதவரை வாயிலிலேயே திருப்பிவிடுகின்றன.

இவ்வாறு திருப்பப்பட்டவர்களும், ஒரு நிறுவனத்துக்குக் கட்டுப்பட விரும்பாதவர்களும் நேரே புகைப்படக்காரரை நாடுகின்றனர். ஒரே ஊரில் இருந்தால் வேலை விரைவில் தீர்ந்துபோகும். அவ்வூரில் உள்ளவர்கள் ஒருமுறை, இருமுறை படம் எடுத்துவிட்டால் அடுத்துப் புதுமுகத்தைத் தேடுவர். எனவே மாடல் பயணம் புறப்படுகிறார். அமெரிக்கா, இங்கிலாந்து, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் இதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. போகும் ஊரையும் நாளையும் சில வாரங்களுக்கு முன்பே அறிவிப்பர். அவ்வூர்ப் புகைப்படக்காரர்களுக்குத் தனித்தனியே எழுதுவர். தாம் முன்பு நின்ற படங்களை இணைப்பர். மணிக்கு இவ்வளவு, அரை நாளுக்கு இவ்வளவு, முழு நாளுக்கு இவ்வளவு என்று கூலியைச் சொல்வர். எவ்வகைப் படத்துக்கு இசைவர், எதற்கு இசையார் என்பதையும் முன்கூட்டியே குறிப்பர். சிலர் முன்பணம் கேட்பர். ஓர் ஊரில் மூன்று நாளைக்கு வேலை சேர்ந்தால்தான் வண்டிச் செலவு கட்டும். சேராவிட்டால் அவ்வூரை விட்டுவிட்டு அடுத்த ஊரைப் பார்ப்பர். திறமையான வணிகர் போடும் கணக்குத்தான் இது.

நம் நாட்டில் இம்முறை இன்னும் பரவலாகவில்லை; ஆனால் வந்துவிட்டது. நம் சங்க உறுப்பினர் ஒருவரே இவ்வாறு வேலை செய்கிறார். அவருடைய இசைவு பெற்றே இதை எழுதுகிறேன். தென் மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து வந்து இங்கே முதுகலை பயிலும் அவர், விடுமுறை நாட்களில் ஜெய்ப்பூருக்கும் சண்டிகருக்கும் மும்பைக்கும் இரயிலில் போய் வருகிறார். இன்ஸ்டாகிராமில் புகைப்படக்காரர்களின் படங்களைப் பார்த்து, எவர் வேலை நன்றாக இருக்கிறதோ அவருக்கு எழுதுகிறார். எழுதுமுன் அவரிடம் ஏற்கெனவே நின்ற இரண்டு மாடல்களைத் தேடிப் பிடித்து, “அவர் எப்படிப்பட்டவர்? பேசிய கூலியைத் தந்தாரா?” என்று கேட்டுக்கொள்கிறார். அந்தப் பணத்தில்தான் விடுதியின் மெஸ் கட்டணமும் தம்பியின் பாலிடெக்னிக் கட்டணமும் கட்டப்படுகின்றன.

சென்ற பொதுக்குழுவில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பொங்கல் விழா நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்க அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, “சங்கத்தின் பெயர் கெட்டுவிடும்” என்று ஒரு குரல் எழுந்தது. மறுத்துப் பேசியவர் ஒருவர். மௌனமாக இருந்தவர் பலர். பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அவருடைய தமிழில் குறை கண்டவர் இல்லை. மேடைப் பேச்சில் குறை கண்டவரும் இல்லை. அவர் செய்யும் வேலையே குறையாகக் கருதப்பட்டது.

அந்தக் குரலுக்கு உரிய நண்பரிடம் ஒரு கேள்வி. கோடை விடுமுறை நெருங்கும்போது நம் அறிவியல் மாணவர்கள் என்ன செய்கிறோம்? பெங்களூரிலும் மும்பையிலும் புனேயிலும் உள்ள ஆய்வுக்கூடங்களின் பேராசிரியர்களுக்கு, முன்பின் அறியாதவர்களுக்கு, ஐம்பது, அறுபது என்று மின்னஞ்சல் எழுதுகிறோம். நம் மதிப்பெண்களை இணைக்கிறோம். இன்ன கருவியை இயக்கத் தெரியும் என்கிறோம். இத்தனை வாரம் தங்கள் ஆய்வகத்தில் பணி செய்ய விரும்புகிறேன், உதவித்தொகை உண்டா என்று கேட்கிறோம். விடை வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெரியாத ஊருக்கு இரயில் ஏறுகிறோம். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘முயற்சி’. அந்தப் பெண்ணும் இதைத்தான் செய்கிறார். அவர் செய்தால் மட்டும் பெயர் எப்படி மாறுகிறது? அவர் காட்டுவது உடலை, நாம் காட்டுவது அறிவை என்று விடை வரலாம். நெசவாளர் கையைக் கொடுக்கிறார்; பாடகர் குரலைக் கொடுக்கிறார்; நாட்டியக்காரர் உடல் முழுவதையும் கொடுக்கிறார். உடலின்றிச் செய்யும் தொழில் எது? பரதநாட்டியத்துக்கு முதல் வரிசையில் அமர்ந்து கைதட்டும் நாம், நான்கு மணி நேரம் விளக்கொளியின் வெப்பத்தில் அசையாது நிற்பவரின் உழைப்பை மட்டும் ஏன் உழைப்பாகக் காண மறுக்கிறோம்?

தமிழ்ப் பண்பாட்டின் பெயரால் இந்த எதிர்ப்பு எழுகிறது. ஆகவே தமிழ்ப் பண்பாட்டையே சற்றுப் பார்ப்போம். சங்க காலத்தில் பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் என்ன செய்தனர்? யாழையும் முழவையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றனர். தம் கலையை மதிப்பவர் எவர் என்று தேடி, அவர் வாயிலுக்கு நேரே போய் நின்றனர். விறலி என்பவள் ஆடியும் பாடியும் வாழ்ந்த பெண். அவள் பயணம் செய்ததையோ, பரிசில் கேட்டதையோ அன்றைய புலவர் இழிவாகப் பாடவில்லை. ஔவையாரே அதியமான் வாயிலில் நின்றவர்தாம். பரிசில் தாமதமானபோது வாயில் காப்போனை அழைத்து, கலை உள்ளவர்க்கு எத்திசைச் சென்றாலும் சோறு உண்டு என்னும் பொருள்படப் பாடிவிட்டுப் புறப்பட நின்றார். பெருஞ்சித்திரனாரோ, தம்மை நேரில் காணாமல் கொடுத்தனுப்பிய பொருளை ஏற்க மறுத்தார். கேட்பதற்கும் மானத்துக்கும் பகையில்லை என்று இந்தப் பாட்டுகள் காட்டவில்லையா?

இன்னும் ஒன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் திருமுருகாற்றுப்படை முருகனிடம் வழிப்படுத்துவது. மற்ற நான்கும் கலைஞர்க்குரியவை. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் கலைஞரைக் கண்டு, “இன்னாரிடம் போ, வழி இது, வழியில் இன்ன இன்ன இடர் உண்டு, அவன் இப்படி வரவேற்பான்” என்று வழிப்படுத்துவதே அதன் அமைப்பு. மலைபடுகடாம், கூத்தர் நடக்க வேண்டிய மலைவழியின் அபாயங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி எச்சரிக்கிறது. இன்று ஒரு மாடல் இன்னொரு மாடலுக்கு அனுப்பும் செய்தி வேறு என்ன? “அந்த ஊரில் இவரிடம் போகலாம், பேசிய கூலியைத் தருவார், மனைவியும் உடன் இருப்பார். அவரிடம் மட்டும் போகாதே.” இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாட்டாக இருந்தது இன்று வாட்ஸ்அப் செய்தியாக இருக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. பரிசில் என்பது கொடுப்பவன் மனத்தைப் பொறுத்தது. கூலி என்பது பேசிய பேச்சைப் பொறுத்தது. பாரி தேரைக் கொடுத்தான். எல்லாரும் பாரி ஆவதில்லை. வள்ளலின் நெஞ்சை நம்பி இன்று எவரும் இரயில் ஏற முடியாது.

மேலை நாட்டில் 1929-இல் நடந்த ஒன்றை இங்கே கூறுவது பொருந்தும். லீ மில்லர் என்னும் அமெரிக்கப் பெண் நியூயார்க்கில் புகழ்பெற்ற மாடலாக இருந்தவர். 1928-இல் அவருடைய படம் ஒன்று, மாதவிலக்குக் காலத்தில் பயன்படும் நாப்கின் விளம்பரத்தில் வெளியாயிற்று. எடுத்தவர் எட்வர்டு ஸ்டைக்கன் என்னும் பெரும் புகைப்படக் கலைஞர். அப்படி ஒரு விளம்பரத்துக்குப் போகும் என்று மில்லரிடம் எவரும் கேட்கவில்லை. அக்காலத்தில் அது பெரிய அவதூறாகி, அவருடைய மாடல் தொழிலையே தாக்கியது. அடுத்த ஆண்டு அவர் கடல் கடந்து பாரிசுக்குப் போனார். மேன் ரே என்னும் புகைப்படக் கலைஞரை, எவர் பரிந்துரைக்கும் காத்திராமல் நேரே தேடிக் கண்டு, ‘நான் உங்கள் மாணவி’ என்று தாமே அறிவித்தார். மாணவரை ஏற்பதில்லை என்றவர் கடைசியில் ஏற்றுக்கொண்டார். மில்லர் அவருக்கு மாடலாகவும் இருந்தார். இருட்டறையில் தொழிலும் கற்றார்.

அந்த இருட்டறையில் நடந்தது வேதியியல் மாணவர்க்குச் சுவையானது. படச்சுருள் உருத்துலக்கும் நீர்மத்தில் கிடக்கும்போது அறையில் விளக்கு எரியப்போய், படத்தின் ஒளியும் நிழலும் ஓரளவு தலைகீழாயின. உருவத்தைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்றும் தோன்றியது. இந்த விளைவு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. அதை மீண்டும் கண்டது தம் கையால் நேர்ந்த தற்செயல் என்று மில்லர் பின்னாளில் கூறினார். எனினும் நெடுங்காலம் அது மேன் ரேயின் கலையாகவே பேசப்பட்டது. பிறகு அப்பெண் இரண்டாம் உலகப் போரில் செய்தியாளராகச் சென்று, 1945-இல் டாகாவ் வதைமுகாமைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டினார். நேரே போய்க் கதவைத் தட்டிய துணிவுதான் அவரை உயர்த்தியது. எழுதி வைக்காத பேச்சுத்தான் அவருக்கு இழப்பைத் தந்தது. என் கருத்து முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கும்.

‘இடையில் ஒரு நிறுவனம் இருந்தால் பாதுகாப்பு அன்றோ?’ என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. மாடல் நிறுவனங்கள் வீணாகத் தோன்றியவை அல்ல. ஜான் ராபர்ட் பவர்ஸ் என்பவர் 1923-இல் நியூயார்க்கில் அத்தகைய நிறுவனத்தைத் தொடங்கினார். 1946-இல் ஃபோர்டு தம்பதியர் தொடங்கிய நிறுவனம், விளம்பரக்காரர் பணம் தரும்வரை மாடல்களைக் காக்கவைக்காமல், தானே முன்னதாகக் கூலியைக் கொடுத்துவந்தது. கூலி நிலுவையில் வாடிய பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் காவலுக்கு நின்றவரே நாளடைவில் சுங்கம் வாங்கத் தொடங்கினர். தங்குமிடத்துக்குப் பிடித்தம், படத்தொகுப்புக்குப் பிடித்தம் என்று பிடித்துக்கொண்டு, மாடலைக் கடனாளியாக்கிய கதைகள் பல. 2012-இல் சாரா ஜிஃப் என்னும் மாடல் ‘மாடல் அலையன்ஸ்’ என்னும் அமைப்பைத் தொடங்கிப் போராடினார். 2024 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஆடை அலங்காரத் தொழிலாளர் சட்டம் கையெழுத்தாயிற்று. 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் மாடலின் வருமானத்தில் நூற்றுக்கு 20-க்கு மேல் தரகு எடுக்கக் கூடாது. முன்வைப்புத் தொகை கேட்கக் கூடாது. மாடலின் உருவத்தைக் கணினியில் நகல் செய்து பயன்படுத்தத் தனியே எழுத்து மூலம் இசைவு பெற வேண்டும் என்பன அதன் விதிகளில் சில. நிறுவனம் இருந்தாலே பாதுகாப்பு என்றால் இச்சட்டம் எதற்கு?

நம் நாட்டிலோ மாடல் தொழிலுக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. போதாக்குறைக்கு, நிறுவனம் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு, “முதலில் எங்களிடம் பணம் கட்டிப் படத்தொகுப்பு எடுத்துக்கொள்; வாய்ப்புத் தானே வரும்” என்று சிற்றூர்ப் பெண்களிடமும் பையன்களிடமும் பணம் பறிப்பவர் உண்டு. கூலி தேடி வந்தவரிடமே கூலி வாங்கும் விந்தை அது. அதைவிட, படம் எடுப்பவரோடு நேரே பேசித் தீர்ப்பது எவ்வளவோ மேல்.

நேரே பேசுவதில் இடர் இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்டு, அதை மூடி மறைப்பது நட்பாகாது. நம் உறுப்பினருக்கே மேற்கே ஓர் ஊரில் நடந்தது இது. நான்கு மணி நேரம் என்று பேசிய வேலை ஆறு மணி நேரம் நீண்டது. முடிவில் அந்தப் புகைப்படக்காரர், “பணம் எதற்கு? இந்தப் படங்கள் உனக்கு எவ்வளவு பெரிய விளம்பரம்!” என்றார். வண்டிச் செலவும் கைவிட்டுப் போயிற்று. பேச்சு முழுவதும் தொலைபேசியில் நடந்ததால் காட்டுவதற்குச் சான்றும் இல்லை. நேரத்துக்குப் பதில் படம் என்று இருவரும் முன்பே ஒப்பிச் செய்யும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. இருவருமே தொடக்கக்காரர் என்றால் அது நேர்மையானது. கூலி என்று பேசி அழைத்துவிட்டு, வேலை முடிந்தபின் படம் என்று மாற்றுவது ஏமாற்று. முன்பின் அறியாதவர் வீட்டில் தங்க நேர்வது, உடன் வந்த தோழியை வெளியே இருக்கச் சொல்வது, ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஒப்பாத உடைக்கு வற்புறுத்துவது ஆகியவை அதனினும் கொடியவை.

புகைப்படக்காரர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். அரங்கத்துக்கு வாடகை கட்டி, ஒப்பனைக்காரரை வரவழைத்துக் காத்திருக்கும்போது, வருவதாகச் சொன்ன மாடல் வராமல் போவதும் உண்டு. சேமிப்பை எல்லாம் கேமராவில் போட்ட எளிய கலைஞர்க்கு ஒரு நாள் இழப்பு சிறிதன்று. ஆகவே எழுத்து இருவருக்கும் காவல்.

நாம் ஆய்வகத்தில் என்ன செய்கிறோம்? எவ்வளவு எடையிட்டோம், எந்த வெப்பத்தில் வைத்தோம் என்பதை அப்போதைக்கப்போது ஏட்டில் குறிக்கிறோம். வழிகாட்டியின்மேல் ஐயம் கொண்டு அல்ல. நினைவு மாறும், எழுத்து மாறாது என்பதால் குறிக்கிறோம். இந்தப் பழக்கம் கூலி பேசும்போதும் வேண்டும். சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே; ஆனால் அதை மெய்ப்பிப்பது கடினம். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பின்னர்ச் சேர்த்த விதி ஒன்று, மின்னணு வழியில் செய்தது என்பதாலேயே ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. எனவே ஒரு மின்னஞ்சலும், ‘சம்மதம்’ என்னும் ஒரு விடையுமே போதிய தொடக்கம். நியூயார்க்கில் தனித்து வேலை செய்பவர்க்கென்றே 2017 முதல் நகரத்திலும், 2024 முதல் மாநிலம் முழுவதிலும் சட்டம் உண்டு. 800 டாலரும் அதற்கு மேலும் பெறும் வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். வேறு நாள் பேசாவிட்டால் வேலை முடிந்த 30 நாளில் பணம் தர வேண்டும். நமக்கும் அத்தகைய சட்டம் வேண்டும் என்று கேட்பது மிகையாகுமா?

படம் யாருக்குச் சொந்தம் என்பது இன்னொரு முடிச்சு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. புகைப்படக்காரர் தமக்காக எடுக்கும் படத்துக்கு அவரே உரிமையாளர். மாடலுக்குக் கூலி கொடுத்திருந்தாலும் அப்படியே. ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது, தம் பணத்தைக் கட்டிப் படத்தொகுப்பு எடுத்துக்கொண்ட மாடலுக்கு அப்படங்களில் உரிமை உண்டு. எத்தனை பேர் இதை அறிவர்? புகைப்படக்காரரின் உரிமையோ அவருடைய வாழ்நாளும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும் நிற்கும். ஒரு பிற்பகல் நின்றதன் பயன் இரு தலைமுறைக்குத் தொடரும் என்றால், அது எங்கெங்கே போகலாம் என்பதை முன்பே பேசாமல் விடலாமா? நகைக்கடைக்கு என்று எடுத்த படம் நாளைக்கு மதுபான விளம்பரத்தில் வந்தால் என் செய்வது? இன்று இன்னோர் அச்சமும் சேர்ந்துள்ளது. செயற்கை நுண்ணறிவுக்குச் சில படங்கள் கிடைத்தால், அவர் நிற்காத இடத்தில், உடுத்தாத உடையில் அவரை நிறுத்திக் காட்டும்.

இங்கே தமிழர் நினைவில் வைக்கவேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. தமிழ்நாட்டு வார இதழ் ஒன்று ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட முயன்றதால் எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்தது. பத்திரிகையின் உரிமைக்காக இன்றும் எடுத்துக்காட்டப்படும் அத்தீர்ப்பு, ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் இசைவின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவருடைய தனிமையுரிமையை மீறுவதாகும் என்றும் கூறியது. புகழ்பெற்ற நடிகருக்கு மட்டும் உரியதன்று இந்த உரிமை. ஜெய்ப்பூருக்கு இரயில் ஏறும் மாணவிக்கும் உரியது. பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் அலுவலகச் சுவருக்குள் முடிவதன்று. வேலை நிமித்தமாகச் செல்லும் இடமும் அதில் பணியிடமே; தினக்கூலியும் தற்காலிகப் பணியாளரும் அதில் அடங்குவர். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமாயினும், முதலாளிமேலேயே புகாராயினும், மாவட்டந்தோறும் அமைய வேண்டிய உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

இனி நாம் செய்யத்தக்கது என்ன? சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, ஒரு பக்க ஒப்பந்தப் படிவம். தமிழிலும் ஆங்கிலத்திலும் நம் சட்டக் கல்லூரி நண்பர்கள் எழுதித் தரட்டும். நாள், இடம், நேரம், கூலி, முன்பணம், மிகை நேரத்துக்குக் கூலி, வண்டிச் செலவு யாருடையது, எவ்வகை உடை, உடன் யார் வரலாம், படம் எங்கெங்கே வெளிவரலாம், கணினி நகலுக்கு இசைவு உண்டா இல்லையா, வராமற்போனால் யார் என்ன தருவது என்னும் இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். மாடலுக்கு மட்டுமல்ல, பயிற்றாசிரியராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் மேடை அலங்காரக்காரராகவும் பகுதி நேர வேலை தேடும் நம் உறுப்பினர் அனைவர்க்கும், சில வரிகளை மாற்றினால், அது பயன்படும்.

இரண்டாவது, ஓர் ஆற்றுப்படை ஏடு. எந்த ஊரில் எவரிடம் வேலை செய்தோம், பேசிய கூலி கிடைத்ததா, மரியாதை கிடைத்ததா என்பதைச் செய்தவரே எழுதி வைப்பது. பொறுப்பான மூத்த உறுப்பினர் இருவர் கையில் அது இருக்கட்டும். வம்புக்கு அதில் இடம் வேண்டா. தாம் நேரில் கண்டதை மட்டும் எழுத வேண்டும். தேவைப்படுவோர் கேட்டு அறியட்டும். வெளியூரில் வேலைக்குப் போகும் உறுப்பினர் தம் முகவரியையும் திரும்பும் நேரத்தையும் அந்த இருவரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். பெரும்பாலான பெரிய ஊர்களில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. தெரிந்த குடும்பம் ஒன்றாவது இருக்கிறது. தெரியாத வீட்டில் தங்குவதைவிட, நம்மவர் வீட்டுக் கூடத்தில் ஓர் இரவு படுப்பது மேல் அன்றோ?

மூன்றாவது, நம் நாக்கு. படிவம் எழுத ஒரு மாலை போதும். ஏடு தொடங்க ஒரு வாரம் போதும். நாக்கைத் திருத்துவது இவ்விரண்டினும் கடினம். ஏமாற்றப்பட்ட பெண் ஏன் வெளியே சொல்வதில்லை? சொன்னால், “உன்னை யார் போகச் சொன்னது?” என்று முதலில் கேட்பவர் நாமாக இருக்கிறோம். கூலி தராதவனுக்கும் எல்லை மீறியவனுக்கும் நம் பழிச்சொல்லே காவலாக அமைந்துவிடுகிறது. அவளை மௌனமாக்கும் வேலையை அவன் செய்ய வேண்டியதில்லை. நாமே செய்து கொடுத்துவிடுகிறோம். இதைவிடச் சங்கத்தின் பெயரைக் கெடுப்பது வேறு உண்டா?

மொழி தெரியாத ஊரில் வந்து படிக்கும் நாம் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு கதவைத் தட்டித்தான் இங்கே நிற்கிறோம். எவரோ ஒரு மூத்தவர் வழி சொன்னார். எவரோ ஒருவர் எச்சரித்தார். அந்த வழிகாட்டலுக்குத்தான் சங்கம் என்று பெயர். வேலையின் வகை பார்த்து அதை மறுப்பது சங்கத்தின் தன்மைக்கே முரண். வரும் பொதுக்குழுவில் படிவத்தையும் ஏட்டையும் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். பட்டியலிலிருந்து எடுத்த பெயரை மீண்டும் சேர்க்க வேண்டும் என்றும் அத்தீர்மானத்தில் ஒரு வரி இருக்கும். சென்ற முறை மௌனமாக இருந்த நண்பர்கள் இம்முறை கையை உயர்த்துவார்கள் என்று நம்புகிறேன்.